முள்ளா, எண்ணா? மோட்டார்ஹோமில் இரண்டையும் பொருத்தி ஓட்டிய 14 மாதங்கள்

எங்கள் மோட்டார்ஹோமின் ஓட்டுநர் பலகையில் எஞ்சினின் சூட்டை மட்டும் மூன்று கருவிகள் சொல்கின்றன. ஒன்று வண்டியோடு வந்த முள் மீட்டர். அடுத்தது மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு லாரிப் பட்டறையில் பொருத்திய 52 மில்லிமீட்டர் முள் மீட்டர். மூன்றாவது, அதன் அருகில் எண்களை மட்டும் காட்டும் தீப்பெட்டி அளவுத் திரை. “ஒரு காய்ச்சலுக்கு மூணு தெர்மாமீட்டரா?” என்று என் மனைவி கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால், மூன்றும் ஒரே செய்தியைச் சொல்லாத ஒரு நாளில் அவரே அந்தக் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த நாளைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

வணிகப் பெயர்களைத் தவிர்த்துக் கருவிகளின் வகையை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன். இணையக் கடைகளில் ஒரே மாதிரியான கருவி பல பெயர்களில் விற்கப்படுவதால், பெயரைச் சொல்வதில் வாங்குபவருக்கு அதிகப் பயனில்லை. எங்கள் வண்டி 2008-இல் தயாரான ஜப்பானியச் சிறு லாரியின் சேசிஸ் மீது கட்டப்பட்டது. டர்போ டீசல் எஞ்சினும், மேனுவல் கியரும், 24 வோல்ட் மின்சாரமும் கொண்டது. சரக்கு லாரி போகும்போது பாரத்தோடு போனாலும் வரும்போது பெரும்பாலும் காலியாக வரும். மோட்டார்ஹோமுக்கு அந்த ஓய்வு கிடையாது. கட்டில், அடுப்பு, 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டி என அதன் முழுப் பாரமும் எப்போதும் அதன் முதுகிலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு, பாயான் லெப்பாஸில் வீட்டு வாசலில் வாரக்கணக்காகச் சும்மா நின்றுவிட்டு, பள்ளி விடுமுறை தொடங்கியதும் நேராகக் கேமரன் மலைக்கு ஏறச் சொல்கிறோம். சூட்டைக் கண்காணிக்க வேண்டிய தேவை இந்தப் பழக்கத்திலிருந்துதான் வருகிறது.

வண்டியோடு வந்த முள்ளை நம்பினால் என்ன என்று கேட்பவர்கள், அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய வண்டிகளில் சென்சாரின் மின்தடை மாறினால் முள்ளும் அதற்கேற்ப நகரும். பிறகு வந்த பல வண்டிகளில் முள்ளை நகர்த்துவது பலகைக்குள் இருக்கும் ஒரு சிறு கணினி. பார்ப்பதற்கு முள்ளாக இருந்தாலும் அதன் பின்னால் இருப்பது எண்தான். வெப்பம் சற்று ஏறி இறங்கும் போதெல்லாம் உரிமையாளர் பதறிப் பட்டறைக்கு ஓடி வரக் கூடாது என்பதற்காக, ஒரு நீண்ட இடைவெளிக்குள் முள் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி தயாரிப்பாளர்கள் அமைத்துவிடுகிறார்கள். எங்கள் வண்டியில் எண் திரையை அருகில் வைத்து நான் குறித்துக்கொண்ட அளவில், எஞ்சினின் சூடு 76 டிகிரியாக இருந்தபோதும் முள் நடுவில் நின்றது. மெனோரா சுரங்கத்தை நோக்கி ஏறும்போது 97 டிகிரியைத் தொட்டபோதும் அதே நடுவில்தான் நின்றது. நடுவை விட்டு அது எழும் நேரத்தில் ஓட்டுநர் செய்வதற்கு அதிகம் மிஞ்சியிருக்காது. ஆகவே, தொழிற்சாலை முள்ளைப் பார்த்து முள் மீட்டர்களையே குறை சொல்வது தவறு.

முதலில் நான் நாடியது மலிவான வழியைத்தான். வண்டியின் கணினித் தகவல்களைப் படிக்க உதவும் ஓபிடி துளையில் சொருகி, புளூடூத் வழியாகக் கைப்பேசியில் எண்களைக் காட்டும் சிறு கருவியை 40 ரிங்கிட்டுக்கு வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அதைக் கையில் வாங்கிப் பார்த்த போமன் (பட்டறை மெக்கானிக்), “தம்பி, இது 24 வோல்ட்டு வண்டி, கார் சாமானக் கொண்டாந்து சொருகினா பொகதான் வரும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. ஓபிடி துளையின் 16-ஆம் முனையில் பேட்டரியின் மின்னழுத்தம் நேரடியாக வருகிறது. 12 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்ட கருவி 24 வோல்ட்டைத் தாங்காது. தாங்கும் கருவி கிடைத்தாலும், அந்தக் கால ஜப்பானிய லாரிகள் பலவற்றின் கணினி தயாரிப்பாளரின் சொந்த மொழியில்தான் பேசும். பொதுவான கருவிக்கு அது புரியாது.

அந்தக் கருவி வீணாகவில்லை. 12 வோல்ட் வேன் ஒன்றை முகாம் வண்டியாக மாற்றி வைத்திருக்கும் என் மைத்துனர் அதை இன்றும் பயன்படுத்துகிறார். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) வெப்பம், எஞ்சின் சுழற்சி, பேட்டரி மின்னழுத்தம் ஆகியவற்றை அது ஒழுங்காகவே காட்டுகிறது. ஆனால் ஓபிடியின் வழக்கமான தகவல் பட்டியலில் எண்ணெய் அழுத்தம் இல்லை என்பதை வாங்குவதற்கு முன் பலர் கவனிப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. வண்டி நிற்கும்போதும் கருவியைச் சொருகியே வைத்தால் அது பேட்டரியிலிருந்து சிறிது மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி, ஒரு மாதத்தில் 36 ஆம்பியர் மணி. மாதக்கணக்கில் நிற்கும் மோட்டார்ஹோமுக்கு, புறப்படும் காலையில் ஸ்டார்ட்டர் முனகுவதற்கு அது போதும். மைத்துனர் இப்போது வீடு திரும்பியதும் கருவியைப் பிடுங்கிச் சாவிக்கொத்தோடு மாட்டிவிடுகிறார்.

அடுத்து முள் மீட்டர்கள். கூலன்ட் வெப்பம், எண்ணெய் அழுத்தம், மின்னழுத்தம் என மூன்றை ஒரு சட்டத்தில் வரிசையாகப் பொருத்தினோம். எண்ணெய் அழுத்தத்துக்கு முற்றிலும் இயந்திர வகை மீட்டரும் கடையில் இருந்தது. யூஜேன் போர்டோன் 1849-இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற வளைகுழாய்தான் இன்றும் அதன் உள்ளே இருக்கிறது. அழுத்தம் கூடும்போது வளைந்த குழாய் சற்று நிமிர்ந்து முள்ளைத் தள்ளும். அதற்கு மின்சாரமே தேவையில்லை. அந்த எளிமை எனக்குப் பிடித்திருந்தது என்றாலும், எஞ்சினின் சூடான எண்ணெயை மெல்லிய குழாய் வழியாக நாங்கள் உட்காரும் இடத்துக்கே கொண்டுவர வேண்டும் என்பதால் வேண்டாமென்று விட்டேன். பிள்ளைகள் தூங்கும் வண்டிக்குள் அந்தக் குழாய் வெடிப்பதை நினைத்துப் பார்க்கவே மனம் ஒப்பவில்லை. மின்சார சென்சார் வகையையே எடுத்தோம்.

முள் மீட்டரின் நன்மை தீமை அனைத்தும் அதைப் பொருத்தும் கையில் இருக்கிறது என்பதை அதன் பிறகுதான் கற்றுக்கொண்டேன். மீட்டரோடு வந்த எண்ணெய் அழுத்த சென்சார் அமெரிக்க அளவு மரையைக் கொண்டது. ஜப்பானிய எஞ்சினில் இருந்த துளையோ பிரிட்டிஷ் அளவு மரை. இரண்டுமே எட்டில் ஒரு அங்குலம் என்றுதான் அழைக்கப்படுகின்றன, கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன. ஆனால் முன்னதில் ஓர் அங்குலத்துக்கு 27 மரைகள், பின்னதில் 28. மரையின் கோணமும் 60 டிகிரி, 55 டிகிரி என வேறுபடும். இரண்டு மூன்று சுற்று இலகுவாக ஏறிய பிறகு இறுகும். அங்கே ஸ்பானரை அழுத்தினால் எஞ்சின் பிளாக்கின் மரை அழியும். இரண்டு அளவையும் இணைக்கும் பித்தளை அடாப்டர் ஒன்று கிடைத்ததால் தப்பித்தோம். பழைய எச்சரிக்கை விளக்கின் சுவிட்சையும் புதிய சென்சாரையும் ஒரு T வடிவ இணைப்பில் எஞ்சின் மேலேயே தொங்கவிடாமல், எண்ணெய் தாங்கும் ஒரு சிறு குழாய் வைத்துச் சேசிஸில் பொருத்தச் சொன்னதும் போமன்தான். டீசல் எஞ்சினின் அதிர்வில் கனமான சென்சாரைத் தாங்கிய பித்தளைக் கழுத்து முறிந்து, எண்ணெய் முழுவதும் சாலையில் கொட்டிய வண்டிகளை அவர் பார்த்திருக்கிறார்.

இவ்வளவு கவனமாகப் பொருத்தியும் முதல் இரவுப் பயணத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பினாங்குப் பாலத்தில் முன்விளக்கைப் போட்டதும் கூலன்ட் முள் ஏறக்குறைய 6 டிகிரி ஏறியது. விளக்கை அணைத்தால் இறங்கியது. விளக்குக்கும் ரேடியேட்டருக்கும் என்ன உறவு? ஒற்றைக் கம்பி சென்சார் தன் எர்த்தை எஞ்சின் உடல் வழியாக எடுக்கிறது, மீட்டரோ ஓட்டுநர் பலகை வழியாக எடுக்கிறது. எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையே உள்ள எர்த் கம்பி களிம்பு பிடித்திருந்தால், விளக்கு இழுக்கும் மின்சாரம் மீட்டரின் கணக்கையும் சேர்த்துக் கலைத்துவிடும். தடித்த எர்த் கம்பி ஒன்றைப் புதிதாகப் போட்டதும் முள் அடங்கியது. சென்சார் மரையில் வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்றினாலும் இதே போன்ற குழப்பம் வரும், ஏனெனில் டேப் எர்த்தைத் தடுக்கும். முள் பொய் சொல்கிறது என்று கழற்றி எறியப்பட்ட மீட்டர்களில் பல இந்தக் காரணத்தால்தான் பழி சுமந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எண் திரையின் சிறப்பு, அது எண்ணைக் காட்டுவதில் இல்லை. அதன் சென்சார் கூலன்ட்டில் முங்கி நிற்பதில்லை. வளையம் போன்ற ஒரு பித்தளைத் துண்டாக, எஞ்சினின் மேல்பகுதி உலோகமான சிலிண்டர் ஹெட்டில் உள்ள ஒரு போல்ட்டின் அடியில் இறுக்கப்படுகிறது. அதாவது தண்ணீரின் சூட்டை விட்டுவிட்டு உலோகத்தின் சூட்டை அளக்கிறது. நாம் குறித்துக் கொடுத்த எண்ணைத் தாண்டினால் காது கிழியக் கத்துகிறது. எட்டிய உச்ச அளவை நினைவில் வைத்துக்கொண்டு, ஏற்றம் முடிந்து வண்டியை நிறுத்திய பிறகு காட்டுகிறது. சமதரையில் எங்கள் வண்டியில் இந்த எண் 86-க்கும் 90-க்கும் இடையில் நிற்கும், நீண்ட ஏற்றத்தில் 97 வரை போகும். ஆகவே எச்சரிக்கையை 104-இல் வைத்தேன்.

தொடக்கத்தில் சொன்ன அந்த நாள் டிசம்பர் விடுமுறையில் வந்தது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய வழியில், லாத்தா இஸ்கந்தர் அருவியைக் கடந்த சிறிது நேரத்தில் எண் திரை கத்தத் தொடங்கியது. பார்த்தால் 104, 105, 107. தொழிற்சாலை முள் வழக்கம்போல நடுவில் இருந்தது. நான் காசு கொடுத்துப் பொருத்திய கூலன்ட் முள்ளோ 90-லிருந்து மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது! ஏற்றத்தில் எஞ்சின் குளிர்கிறதா? திரையில்தான் கோளாறு என்று முடிவு செய்து கத்தலை நிறுத்தக் கை போனதை மறைக்க விரும்பவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மகன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “அப்பா, கீழ தண்ணி ஊத்துது” என்று சொன்னான். சாலையோரம் பெத்தாய்க் காய் விற்கும் ஒரு குடிசையின் முன்னால் வண்டியை நிறுத்தினேன்.

ரேடியேட்டரின் கீழ்க் குழாயின் கிளிப் தளர்ந்து, கூலன்ட்டில் பெரும் பகுதி வெளியேறிவிட்டிருந்தது. கூலன்ட் சென்சார் தெர்மோஸ்டாட் உறையின் மேல் பகுதியில் இருப்பதால், தண்ணீர் மட்டம் இறங்கியதும் அது தண்ணீரைத் தொடவில்லை. வெறும் காற்றையும் ஆவியையும் அளந்துகொண்டிருந்தது. நீரின்றிக் காய்ந்த ஹெட் சூடேறிக்கொண்டே இருக்க, முள் மட்டும் எல்லாம் குளிர்ந்துவிட்டதாக அறிவித்துக்கொண்டிருந்தது. கருவியில் பிழையே இல்லை. தான் நின்ற இடத்தின் சூட்டை அது சரியாகவே சொன்னது. அதே கூலன்ட் சென்சாரில் விலையுயர்ந்த டிஜிட்டல் திரையை இணைத்திருந்தாலும், அது இதே பொய்யை இரண்டு தசம இடங்களோடு அழகாகச் சொல்லியிருக்கும். ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டு, புதிய கிளிப்பை மாட்டி, எங்கள் 120 லிட்டர் தொட்டித் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டு மெதுவாகத் தாப்பாவுக்கு இறங்கினோம். மோட்டார்ஹோமில் போனால் பழுதுக்குத் தேவையான தண்ணீரும் கூடவே வருகிறது என்பது ஒரு வசதி. ஹெட் வளையவில்லை, கேஸ்கெட்டும் தப்பியது.

எச்சரிக்கை எண்ணைத் தேர்ந்தெடுப்பது பற்றி இங்கே ஒன்றைச் சேர்க்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள 0.9 பார் அழுத்த ரேடியேட்டர் மூடி, கடல் மட்டத்தில் தண்ணீரின் கொதிநிலையை ஏறக்குறைய 118 டிகிரிக்கு உயர்த்தி வைத்திருக்கும். கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவோ சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியின் ரப்பர் தளர்ந்து அழுத்தம் நிற்காமல் போனால், பினாங்கில் சாதாரணமாகத் தோன்றும் 96 டிகிரி மலை மேல் கொதிக்கும் சூடாகிவிடும். முள் மீட்டரில் 96-ஐயும் 92-ஐயும் பிரித்துப் பார்ப்பது ஓடும் வண்டியில் நடக்கிற காரியமில்லை. இங்கே எண் தெளிவாக வெல்கிறது.

எண்ணெய் அழுத்தத்தில் கதை தலைகீழ். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் வளைவுச் சாலையில், இடப்பக்க வளைவுகளில் மட்டும் எண்ணெய் அழுத்த முள் ஒரு கணம் தலை குனிந்து நிமிர்வதை ஒரு நாள் கவனித்தேன். வளைவு முடிந்ததும் சரியாகிவிடும். எச்சரிக்கை விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. நிறுத்தி எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பார்த்தால், எண்ணெய் கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தது. வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. இந்தச் சேதியை எண் திரை தந்திருக்குமா என்று சோதிப்பதற்காகவே பிறகு ஒரு மாதம் டிஜிட்டல் அழுத்தக் காட்டி ஒன்றைப் பட்டறையிலிருந்து இரவல் வாங்கி ஓட்டினேன். எண்கள் படபடவென்று மாறிக் கண்ணைக் குழப்பக் கூடாது என்பதற்காக அது சில அளவீடுகளின் சராசரியைக் காட்டியது. ஒரு நொடிச் சரிவு அந்தச் சராசரியில் கரைந்து காணாமல் போய்விடும். சராசரியை நிறுத்தும் அமைப்பும் இருந்தது. அப்போது 3.1, 2.7, 3.3 என்று எண்கள் ஓடியதை வாசிக்க முடிந்ததே தவிர, புரிந்துகொள்ள முடியவில்லை. முள்ளை யாரும் வாசிப்பதில்லை. அது வழக்கமான சாய்வில் இருக்கிறதா என்பதைச் சாலையிலிருந்து கண்ணை முழுதாக எடுக்காமலேயே பார்த்துவிடலாம்.

வண்டியோடு வரும் எண்ணெய் விளக்கை மட்டும் நம்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் சுவிட்ச் பொதுவாக 0.3 முதல் 0.5 பார் அளவுக்கு அழுத்தம் விழுந்த பிறகே விளக்கை எரிய விடும். நெடுஞ்சாலை வேகத்தில் 3 பாருக்கு மேல் இருக்க வேண்டிய எஞ்சினில் 1 பார் மட்டுமே இருந்தாலும் விளக்கு அணைந்தே இருக்கும்.

டர்போவுக்குச் செல்லும் புகையின் வெப்பத்தை அளக்க எண் திரையின் இரண்டாவது முனையில் மிகுந்த சூட்டைத் தாங்கி அளக்கும் ஒரு தெர்மோகப்பிள் இணைத்திருக்கிறேன். எஞ்சினின் புகை வெளியேறும் மேனிஃபோல்டைத் துளையிடும்போது விழும் இரும்புத் தூள் டர்போவின் இறகுகளுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது பெரிய வேலை, ஆகவே எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இருந்தாலும் அது கற்றுத்தந்த பாடம் உண்டு. ஏற்றத்தில் ஐந்தாம் கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்தால் எண் 650-ஐத் தாண்டுகிறது. நான்காம் கியருக்கு இறக்கினால் காற்று கூடி, அதே வேகத்தில் 570-க்கு வந்துவிடுகிறது. கூலன்ட்டில் இந்த வேறுபாடு தெரியச் சில நிமிடங்களாகும், இதில் சில நொடிகளில் தெரிகிறது.

நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மூடிய வண்டியின் பலகை மேல் நண்பகலில் வைத்த கைப்பேசி சூடேறித் தானாக அணைந்துவிடுவதால், கைப்பேசியையே மீட்டராகப் பயன்படுத்தும் திட்டம் பினாங்கில் எனக்குப் பாதி நாள்தான் பலித்தது. எண் திரை காலையில் தெளிவு. மாலை நான்கு மணிக்கு மேற்கு நோக்கி ஓட்டினால், கையால் மறைத்துத்தான் எண்ணைப் பார்க்க வேண்டும். இரவில் அதன் சிவப்பு எழுத்து முன் கண்ணாடியில் பிரதிபலித்து எரிச்சலூட்டியது. ஒளியைத் தானாகக் குறைக்கும் வசதி அதில் இல்லை, ஒரு கறுப்பு டேப்பில் துளையிட்டு ஒட்டியிருக்கிறேன். முள் மீட்டர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பத்து பெரிங்கி கடற்கரையோரம் மூன்று நாள் நின்றதில் சென்சார் இணைப்பு ஒன்று பச்சை பூத்தது இரண்டு வகைக்கும் பொது.

செலவைப் பொறுத்தவரை, மூன்று முள் மீட்டர்களும் சென்சார்களும் கூலியும் சேர்ந்து எனக்குச் சுமார் 850 ரிங்கிட் ஆனது. எண் திரையும் ஹெட் சென்சாரும் 480 ரிங்கிட். இன்று புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் முதலில் எண் திரையையும் ஹெட் சென்சாரையும் வாங்கிவிட்டு, பணம் சேர்ந்த பிறகு எண்ணெய் அழுத்தத்துக்கு மட்டும் ஒரு முள் மீட்டரைப் பொருத்துவேன். கூலன்ட் முள்ளுக்கும் வோல்ட் முள்ளுக்கும் காசு செலவிட்டிருக்க மாட்டேன். புதிய 12 வோல்ட் வேன் வைத்திருப்பவர்கள் ஓபிடி கருவியிலிருந்தே தொடங்கலாம். ஆனால் ஹெட் சென்சாரைத் தவிர்க்க வேண்டாம். தானியங்கி கியர் உள்ளவர்கள் கியர் எண்ணெயின் வெப்பத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. அதில் எனக்கு அனுபவம் இல்லை.

கூலன்ட் முள்ளை மாற்ற நினைத்து போன வாரம் பட்டறைக்குப் போயிருந்தேன். பலகையில் அதன் இடத்தில், கூலன்ட் மட்டம் குறைந்தால் எரியும் ஒரு விளக்கைப் பொருத்தித் தர முடியுமா என்று போமனிடம் கேட்டிருக்கிறேன்; ரேடியேட்டரின் மேல் தொட்டியில் அதற்கு ஒரு துளை போட வேண்டும், சீனப் புத்தாண்டுக் கூட்டம் குறைந்த பிறகு வண்டியைக் கொண்டுவா என்றார்.